யார் வயலில்

தலாத்துவின் வயலில் குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தபோது ஓர் இஞ்சித் தண்டு அசாபேயின் கையோடு வந்துவிட்டது. அவள் அதை இழுக்கவில்லை. அடியில் நின்ற புல்லைப் பிடுங்கத்தான் கையை விட்டாள். மண்ணைப் பிடித்துக்கொள்ளும் எண்ணமே இல்லாததுபோல, புல்லோடு தண்டும் நழுவி வந்தது. அதன் அடிப்பகுதி தேன் நிறத்தில் வழுவழுவென்றிருந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையில்லை. போன வருடம் மழைக்காலம் முழுக்க ஊர் அந்த இஞ்சி அழுகும் வாடைக்கு நடுவில்தான் களி தின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். முன்னும் பின்னும் முதுகுகள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், எல்லோருடைய களைக்கொத்தும் ஒரே தாளத்தில் மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த வரிசையில் தலாத்து. பாஸ்டரின் வெள்ளாடு திருமேசை விரிப்பைத் தின்ற கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவள், கதையை நிறுத்தாமலே அசாபேயின் கையைப் பார்த்தாள். தண்டை வாங்கினாள். தன் கூடையில் கிடந்த களைகளுக்கு அடியில் செருகினாள். "விரிப்பைத் தின்னுட்டு ஆடு ஏப்பம் விட்டுச்சாம், பாஸ்டர் ஆமென்னாராம்" என்று கதையை முடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அசாபேயும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களே.

குனு கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது தலாத்து பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"பார்த்துட்டியா?"

"பார்த்தேன்."

"ஒரு செடிதான்."

"தலாத்து."

"ஒரு செடிங்கறேன்ல. சரி, நடுப்பாத்தியில கொஞ்சம். ரெண்டு நாள் வெயிலடிச்சா தேறிடும்."

"உன் அண்ணன் ஊர்லேர்ந்து வந்த விதைன்னு சொன்னியே."

தலாத்து கோப்பையை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது, "எனக்கு எங்கடி அந்த ஊர்ல அண்ணன்?" என்றாள்.

போன வருடக் கிழங்கை ஒருவரும் விதைக்கக் கூடாது என்று ஊர்த்தலைவர் சொல்லியிருந்தார். சொன்னதோடு விடாமல் தேவாலயத்தில் எல்லோரையும் கையை உயர்த்தச் சொல்லி வாக்கு வாங்கினார். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி என்பதால் முதலில் எழுந்து கையை உயர்த்தியவள் தலாத்து. அவளைப் பார்த்துத்தான் மற்றப் பெண்களும் உயர்த்தினார்கள். அழுகாமல் தப்பிய கிழங்கு என்று ஒரு சாக்கு மூட்டை அவள் வீட்டுப் பரணில் இருந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

"வாயைத் திறக்காத" என்றாள் தலாத்து. கெஞ்சலாக இல்லை. உப்பு எடுத்துக் கொடு என்பதுபோல.

அசாபே எதிரே கிடந்த களைக்கொத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன; இரும்பும் மரமும் சேரும் இடத்தில் தலாத்துவின் வயல் மண் கெட்டியாக அப்பிக் கிடந்தது. ஒரு நாள் விட்டு மறுநாள் இதே களைக்கொத்துகளும் இதே கால்களும் அவளுடைய வயலுக்கு வருவதாக இருந்தது. கய்யா அப்படித்தான். இன்று உன் வயல், நாளை என் வயல். கூலி கிடையாது. வந்தவர்களுக்கு வயிறு நிறைய ஆக்கிப் போட வேண்டும். அடுத்த முறை அவர்கள் வயலுக்கு நீ போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அசாபேயின் மேட்டு வயலில் நின்ற இஞ்சி வேறு மாதிரியானது. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டூஷிமா மேடம் கொண்டுவந்த விதை அது. யானைப்பாதம் என்று ஊரில் சொல்லும் பழைய ரகம்தான். ஆனால் புட்டிக்குள் முளைக்க வைத்து, வலைக்கூண்டுக்குள் வளர்த்து, நோய் அண்டாமல் எடுத்த கிழங்கு. அதை நட, பல வருடமாக இஞ்சியே பார்க்காத நிலம் வேண்டும் என்று மேடம் ஊரெல்லாம் அலைந்தார். இஞ்சி பார்க்காத நிலம் இந்தப் பக்கத்தில் ஏது? கடைசியில் அசாபேயின் மேட்டு வயல்தான் அகப்பட்டது. அது தப்பியதற்குக் காரணம் அவள் கணவன் கம்போவின் சோம்பல். அவ்வளவு உயரத்துக்கு விதைக்கிழங்கைச் சுமக்க முடியாது என்று அவன் வருடா வருடம் அங்கே அச்சா தானியத்தைத் தூவிவிட்டு வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டப் போய்விடுவான். "என் சோம்பேறித்தனத்துக்கு அரசாங்கமே வந்து மரியாதை பண்ணுது பார்" என்று அவன் அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

விதைத்த அன்று மேடம் சொன்னதை அசாபே மறக்கவில்லை. அறுவடை வரை நோய் தொடாமல் நின்றால் பாதி விதை அவளுக்கு. மீதி ஊருக்கு. எல்லா வீடும் ஒரு கூடை வாங்கிக்கொண்டு போய் அடுத்த வருடம் மறுபடி ஆரம்பிக்கலாம். அவளுக்கு வேறு விதை இல்லை; வாங்க வழியும் இல்லை. கஃபன்சான் நகரத்தில் படிக்கிற மகன் ஹபிலா அடுத்த வருடமும் படிப்பதா, வேலைக்குப் போவதா என்பது அந்தப் பாத்திகளுக்கு அடியில் இஞ்சியோடு இஞ்சியாக விரல் விட்டு வளர்ந்துகொண்டிருந்தது. சில பாத்திக்குக் கனமான மூடாக்கு, சில பாத்திக்கு லேசானது, ஒன்றுக்கு உயரம் அதிகம், ஒன்றுக்குக் குறைவு என்று மேடம் என்னென்னவோ பிரித்துக் குச்சி நட்டு வைத்திருந்தார். கீழே பாறைக்குப் பக்கத்தில் கம்பிவலை அடித்த மேடை ஒன்றும் போட்டாயிற்று. பிளந்த இஞ்சியைப் பாறையில் காயப்போட்டால் ஆட்டுப் புழுக்கையும் பூஞ்சையும் சேர்ந்துதான் சுக்கு ஆகிறது, வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிவிடுகிறான், இனி மேடையில்தான் காய வேண்டும் என்றார். ஊர்க்காரர்கள் அதற்கு இஞ்சிக் கட்டில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "நாங்க பாயில படுக்கறோம், இஞ்சி கட்டில்ல படுக்குது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். காயப்போட இஞ்சி இல்லாத இந்த வருடம் அதன் அடியில் ஆடுகள் நிழலுக்குப் படுத்திருந்தன.

போன் சிக்னல் பாறை மேல்தான் கிடைக்கும். அன்று சாயங்காலம் அசாபே அங்கே ஏறி மேடத்தை அழைத்தாள். தலாத்துவின் பெயரைச் சொல்லவில்லை. ஊரில் எங்கோ அழுகல் நோய் மறுபடி வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப யாரையும் உள்ள விடாதீங்க ஹபிலா அம்மா."

"கய்யா மேடம். நாளான்னைக்கு என் முறை."

"களை இருந்தா இருக்கட்டும்."

"இருந்தா இருக்கட்டும்னா எப்படி? முழங்கால் உயரத்துக்கு நிக்குது. என் வீட்டுக்காரர் காலை ஒடச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். ஒத்தைக் கையில நான் எத்தனை பாத்தி கொத்துவேன்?"

மறுமுனையில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"காலைக் கழுவச் சொல்லலாம். துணி வெளுக்கற திரவம் கலந்த தண்ணியில. களைக்கொத்தையும் முக்கணும். ஆனா பிடிக்குள்ள போற மண்ணு கழுவினாலும் முழுசா வராது. நான் உள்ளதைச் சொல்றேன். ஒரே ஒரு ஆள் கொண்டுவந்தாலும் போதும்." தொடர்ந்து, "நான் அங்க இருந்தா நானே வாசல்ல நின்னு சொல்லிடுவேன்" என்றார்.

"நீங்க சொல்லிட்டு வண்டியேறிப் போயிடுவீங்க மேடம்" என்றாள் அசாபே. கோபமாகச் சொல்லவில்லை. மேடம் அதற்கு "ஆமாம்" என்றார்.

வீட்டில் கம்போ கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டிக்கொண்டு பயறு பொறுக்கிக்கொண்டிருந்தான். வண்டியோடு விழுந்ததிலிருந்து அவனுக்கு அந்த வேலை. கல்லை விடப் பயறைத்தான் அதிகம் எறிவான்.

"கய்யாவைத் தள்ளி வைக்கணும்னா என்ன சொல்லலாம்?" என்று கேட்டாள்.

"நான் செத்துட்டேன்னு சொல்லு."

"அப்புறம்?"

"அப்புறம் எழுந்து உட்கார்றேன். பாஸ்டருக்கு ஒரு மாசத்துக்குப் பிரசங்கம் ஆச்சு." அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்குத் தள்ளி வைக்கணும்?" என்றான்.

"சும்மா."

கய்யாவின் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் கேட்டாலும் சொல்லாமல் இருந்துவிடலாம்; ஒருவனிடம் சொல்லிவிட்டால் பிறகு அந்த ரகசியம் அவளுடையது இல்லை.

கய்யா நாளன்று விடியலிலேயே பெரிய பானையில் குனுவும் இன்னொன்றில் பயறு போட்ட அச்சாவும் ஆக்கி முடித்தாள். துணி தோய்க்கிற அகலமான தொட்டியை மேட்டு வயலின் வேலிச் சந்துக்கு எடுத்துப் போனாள். ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து நிரப்பினாள். திரவத்தை ஊற்றினாள், மூக்கை எரித்தது. முதல் ஆளாகத் தன் காலையே கழுவிக்கொண்டாள். பிறகு அங்கேயே நின்றாள். வருகிறவர்களிடம் சொல்ல வேண்டிய வார்த்தையை வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். பாட்டுச் சத்தம் மேடு ஏறி வந்தபோது அது எங்கோ போய்விட்டது.

"என்னடி இது, தொட்டியும் தண்ணியும்?" முன்னால் வந்த பெண் நின்றாள்.

"காலைக் கழுவிட்டு உள்ள வாங்க. களைக்கொத்தையும் முக்கி எடுங்க. மேடம் சொல்லியிருக்காங்க."

"எனக்கு ஞானஸ்நானம் எப்பவோ ஆச்சே."

"காலுக்கு ஆகலைபோல."

"பாஸ்டரைக் கூப்பிடுங்கப்பா, அசாபே தனிச் சபை ஆரம்பிச்சுட்டா!"

சிரிப்போடு சிலர் காலை விட்டார்கள். ஒருத்தி, பித்தவெடிப்பில் எரிகிறது என்று ஒற்றைக் காலில் குதித்தாள். இன்னொருத்தி களைக்கொத்தை முக்கிவிட்டு, "கைப்பிடி வெளுத்துப் போச்சுன்னா உன் வீட்டுக் கைப்பிடியைத் தரணும்" என்றாள். இப்படியே போய்விடும் போலிருந்தது.

தலாத்து காலை விடவில்லை. இடுப்பில் கை வைத்துத் தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"என் கை கால் உனக்கு அழுக்கா?"

"எல்லாரும்தான் கழுவறாங்க தலாத்து."

"உன் ஹபிலாவை வெளிய எடுத்தது இந்தக் கைதான். அன்னைக்குக் கழுவச் சொன்னியா?"

"அன்னைக்கும் கழுவிட்டுத்தான் தொட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். தலாத்துவும் சிரித்திருக்க வேண்டும். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள்தான் எல்லோரையும் விட உரக்கச் சிரித்திருப்பாள். இன்று அவள் உதடு மட்டும் அசைந்தது. அதை லூக்கா பார்த்துவிட்டான்.

லூக்காவின் வயல் அசாபேயின் வயலுக்கு நேர் கீழே. போன வருடம் முதலில் மஞ்சளானது அவனுடையதுதான். அன்றிலிருந்து அவன் யாருடைய வயலைத் தாண்டினாலும் இலையைத் திருப்பிப் பார்க்காமல் போகமாட்டான். இந்த வருடம் சோளம் மட்டும் போட்டிருந்தான். பின்னால் நின்றவன் முன்னுக்கு வந்தான்.

"முந்தாநாள் தலாத்து வயல்ல யாரும் கழுவலையே. அதுக்கு முன்னாடி என் வயல்லயும் கழுவல. இன்னைக்கு மட்டும் என்ன?"

"மேடம் சொன்னாங்க."

"மேடம் விதைச்ச நாள்லேர்ந்துதான் சொல்லிட்டிருக்காங்க. நீ போன தடவை மண் அணைக்கக் கூப்பிட்டப்ப இந்தத் தொட்டி எங்க போச்சு?" அவன் குரலை உயர்த்தவில்லை. "ஹபிலா அம்மா, ஒளிக்காம சொல்லு. மறுபடி வந்திருக்கு. நீ பார்த்திருக்க. யார் வயல்ல?"

சிரிப்பு அடங்கியது. கழுவி முடித்தவர்கள் ஈரக்காலோடு நின்றார்கள். எல்லோரும் அவரவர் வயலை மனத்துக்குள் ஒருமுறை நடந்து பார்த்து வந்ததுபோல முகங்கள் மாறின. தலாத்து எங்கும் பார்க்கவில்லை. தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. இருபது வருடத்தில் அந்த நரம்பை அசாபே ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், தலாத்துவின் சின்ன மகளைப் புதைத்த அன்று.

"யார் வயல்ல?" என்றான் லூக்கா மறுபடி.

"என் வயல்ல" என்றாள் அசாபே.

சொன்ன பிறகுதான் அதைச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லியாகிவிட்டது என்றதும் மற்றது எளிதாக வந்தது. "மேல் பாத்தியில. நேத்துத்தான் பார்த்தேன். அதான் கழுவச் சொன்னேன். உங்க காலோட அது உங்க வயலுக்கு வந்துடக் கூடாதே."

வேலிச் சந்தைத் தாண்டி ஒரு அடி வைத்திருந்த பெண் அந்த அடியை அப்படியே பின்னுக்கு எடுத்தாள். ஏற்கெனவே கழுவியவர்கள் மறுபடி ஒருமுறை காலை விட்டார்கள், இந்த முறை கேலி பேசாமல், விரலிடுக்கெல்லாம் தேய்த்து. லூக்கா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "கடவுளே" என்றான். "அந்தப் புட்டி விதையுமா?"

ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். சிலர் அவள் தோளைத் தொட வந்து, தொடாமல் போனார்கள். கடைசியாகப் போன தலாத்து தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு பேருக்கு ஆக்கிய குனு அன்று மதியம் புளித்துப் போய்ப் பன்றிக்குப் போனது.

"நம்ம வயல்லயா?" கம்போ கேள்விப்பட்டு, ஊன்றுகோலைத் தேடி எழுந்தே விட்டான்.

"இல்ல. உட்காருங்க."

"ஊர் முழுக்கச் சொல்லுதே."

"நான்தான் சொன்னேன்."

அவன் அவளையே பார்த்தான். "அப்ப யார் வயல்ல?"

அவள் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் மெதுவாக உட்கார்ந்து காலை முக்காலியில் தூக்கி வைத்தான். "நான் செத்ததாச் சொல்லியிருக்கலாம்" என்றான்.

அதிலிருந்து அவள் தனியாகக் கொத்தினாள். விடிந்ததும் போவாள், மழை விரட்டினால் பாறைக்கு அடியில் ஒதுங்குவாள், விட்டதும் மறுபடி இறங்குவாள். பாதிப் பாத்தியைக் கொத்தி முடிப்பதற்குள் பின்னால் கொத்திய இடத்தில் புல் தலை நீட்டியது. ஆனால் இஞ்சி நின்றது. புல்லை மீறிக்கொண்டு, இலை கிழியாமல், கரும்பச்சையாக நின்றது. குனிந்து தண்டைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்ப்பாள். உள்ளேயிருந்து யாரோ பதிலுக்கு இழுப்பதுபோல இருக்கும். அந்த ஒன்றுக்காகவே தினமும் இழுத்துப் பார்த்தாள். வயலோரமாக ஓடைக்குப் போகும் பாதையை ஊர் விட்டுவிட்டது. தண்ணீருக்குப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. அவள் வீட்டுக்கு யாம் கிழங்கு கூடக் கொடுத்தனுப்பினார்கள். கொண்டுவந்தவர்கள் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்கள்.

டூஷிமா மேடம் வந்தபோது ஊர்த்தலைவர் வீட்டில் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்தார். ஒன்றும் பேசாமல் காலைக் கழுவினார். பாத்தி பாத்தியாக நடந்தார். சில செடிகளைத் தோண்டி, கிழங்கைக் கத்தியால் வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தார். நோய் இருந்தால் தண்ணீர் பால்போலக் கலங்கும்; அது தெளிவாகவே இருந்தது. குவளையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அசாபே பார்த்தாள். அது போனதையும் பார்த்தாள்.

"என்ன செஞ்சு வச்சிருக்கீங்க ஹபிலா அம்மா?"

"யாரும் உள்ள வரலை மேடம். நீங்க சொன்ன மாதிரியே."

"இதையா சொன்னேன்? நாலு வருஷமா இந்த விதையை வளர்த்திருக்கோம். அறுவடையன்னைக்கு ஊரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கூடை குடுக்கப்போறேன். யார் வாங்குவாங்க? நோய் வந்த வயல்னு நீங்களே வாயால சொல்லிட்டீங்க. இனிமே நான் குவளையைக் காட்டினா நம்புவாங்களா, உங்களை நம்புவாங்களா?"

அசாபேக்கு இதுவரை அது தோன்றவில்லை. விதையைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாள், காப்பாற்றியாயிற்று. காப்பாற்றிய விதையை யாரும் தொடமாட்டார்கள் என்பது இப்போதுதான் அவள் முன்னால் வந்து நின்றது.

"யாரோட வயல்னு சொல்லுங்க. நான் போய்ப் பேசறேன். உங்க பேர் வராது."

அசாபே புல்லைப் பிடுங்கினாள்.

"சரி. நான் எல்லா வயலையும் நடந்து பார்க்கறேன்."

"பாருங்க மேடம். ஒவ்வொண்ணுலயும் இறங்கறப்ப காலைக் கழுவிக்கங்க."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக அவர் மேலும் கோபப்பட்டார். அன்று சாயங்காலமே நிலையத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அடுத்த வாரம் வந்ததும் ஊர்த்தலைவரைக் கூட்டிக்கொண்டு வயல் வயலாகப் போகப்போவதாகச் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அசாபேயின் பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. எல்லோரும் அவளுடைய செருப்பைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். முதல் பாட்டு தொடங்கியபோது முன் வரிசையிலிருந்து தலாத்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகத்தை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை நான் கேட்டேனா, எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி?" என்றாள், பாட்டின் சத்தத்துக்குள்.

"உனக்காகச் சொல்லல. விதைக்காகச் சொன்னேன்."

"பொய்."

"இருக்கலாம்."

இரண்டு பேரும் ஒரு அடி சேர்ந்து பாடினார்கள். தலாத்துவுக்கு நல்ல குரல்.

"அடுத்த வாரம் மேடம் தலைவரைக் கூட்டிக்கிட்டு எல்லா வயலுக்கும் வர்றாங்க" என்றாள் அசாபே.

"வரட்டும்." பக்கத்தைத் திருப்பினாள். "உன்னோடது எப்படி நிக்குது?"

"நல்லா நிக்குது."

"என்னோடது படுத்துடுச்சு" என்றாள் தலாத்து. கொஞ்சம் கழித்து, "நடுப்பாத்தி மட்டும் இல்ல. எல்லாம்" என்றாள். அதற்குள் பாட்டு முடிந்து, அந்தக் கடைசி வார்த்தை தேவாலயத்தின் அமைதியில் தனியாக விழுந்தது. முன்னால் இருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். தலாத்து கண்ணை மூடி ஜெபத்துக்குத் தலை குனிந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டிருந்தது. அசாபே மேல் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தபோது கீழே ஊர்ப்பக்கம் சத்தம் மாறியிருப்பதைக் கவனித்தாள். நிமிர்ந்தாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தலாத்துவின் வயல் தெரிந்தது. பச்சையாக இருக்க வேண்டிய இடத்தில் மண் தெரிந்தது. தலாத்து பாத்தியோரமாகக் குனிந்து குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில், வண்டிப் பாதைக்குப் பக்கத்திலேயே, ஊரே போகிற வழியில். பிடுங்கியதையெல்லாம் வயல் நடுவில் மலைபோலக் குவித்திருந்தாள். முதலில் ஒரு சைக்கிள்காரன் நின்றான். பிறகு தலையில் விறகோடு வந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்கள் ஏதோ கேட்டார்கள். தலாத்து நிமிர்ந்து, மேட்டுப் பக்கம் கையை நீட்டி, பிறகு தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னாள். இவ்வளவு தூரத்துக்கு வார்த்தை கேட்கவில்லை. விறகை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பெண்களில் ஒருத்தி ஊருக்குள் ஓடினாள்.

ஈரத் தண்டு பற்றவில்லை. தலாத்து பற்ற வைப்பதும் அது அணைவதுமாக இருந்தது. ஊர்க்காரர்கள் பாதையில் சேர்ந்துகொண்டே போனார்கள். லூக்கா வந்தான், பாதையோரத்தில் நின்றபடி பேசினான், கையை வீசி வீசிப் பேசினான். நெடுநேரம் பேசினான். பிறகு திரும்பி விடுவிடுவென்று போய்விட்டான். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அசாபேக்குக் களைக்கொத்துப் பிடி வியர்வையில் வழுக்கியது. ஓடிப்போய் நிற்க வேண்டும் என்று கால் துடித்தது. வேலிச் சந்து வரை போனாள். அதற்கு மேல் போகவில்லை. அந்த வயல் மண்ணை இந்த வயலுக்கு எப்படிக் கொண்டு வருவது?

லூக்கா திரும்பி வந்தான். தலையில் பழைய கூரைக்கீற்று, கக்கத்தில் ஒரு கட்டுச் சோளத்தட்டை. அதைக் குவியலுக்குக் கீழே திணித்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எரிக்க ஏதாவது எடுத்துவர வீட்டுக்குப் போனார்கள்.

தீ பிடித்தபோது முதலில் வந்தது அழுகல் வாடை. அசாபே முந்தானைத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு காற்று திரும்பியது. கிழங்குகள் உள்ளே வேகத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த வாடைக்கு அடியிலிருந்து வேறொன்று கிளம்பி மேடேறி வந்தது. சூடாக, காரமாக, இனிப்பாக. கிறிஸ்துமஸ் காலையில் எல்லா வீட்டு அடுப்பிலும் ஒரே நேரத்தில் எழுகிற மணம். பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. கம்போ மூச்சு வாங்க, கால் உடைந்த பிறகு முதல் தடவையாக மேடேறி வந்து வேலிக்கு வெளியே நின்றான்.

"என்ன இப்படி மணக்குது? யார் வீட்டுல விசேஷம்?"

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் புகை வெள்ளையாகப் பரந்து வயலை மூடிக்கொண்டிருந்தது. அதற்குள் நின்றவர்கள் சாம்பல் நிறத்தில் அசைந்தார்கள். ஒருவர் குனிந்தார், ஒருவர் எதையோ தள்ளினார், இரண்டு பேர் ஒரு கட்டைத் தூக்கிப் போட்டார்கள். அதில் தலாத்து யார் என்று அசாபேயால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.